பாறையில் ஒரு சின்ன ‘ர’

கல்லில் ஒரு கோடு கண்டால் போதும், ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று ஆரம்பித்துவிடுகிற ஆட்கள் சிலர். எதைக் காட்டினாலும் ‘எவனோ வேலையில்லாதவன் கொத்தினது’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் சிலர். இரண்டு கூட்டத்தாரைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வந்து என்ன செய்ய? பத்து வயதில் நானே இரண்டு கூட்டத்துக்கும் வேலை பார்த்திருக்கிறேன். என் வயதுக்காரர்களான உங்களிடம் சொன்னால்தான் இது விளங்கும். வீட்டில் சின்னவர்களிடம் ஆரம்பித்தால் டிவியைப் பார்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டுகிறார்கள், பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

அவிநாசியிலிருந்து பெருந்துறைக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். பைக்காரா கரண்ட் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். கவலை ஏற்றம் பூட்டி இரண்டு மாடுகள் முன்னும் பின்னும் நடந்து, சாலில் தண்ணீர் மேலே வந்தால்தான் பாத்தியில் ஈரம். அந்த உருளைச் சத்தத்தில் கண் விழித்தவர்கள்தான் நீங்களும், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முந்தின இரண்டு வருஷமும் வெள்ளாமை சரியில்லை, கடன்தான் ஏறியிருந்தது. அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. தை மாதத்திலேயே சால் கிணற்றின் அடியில் இடித்துக்கொண்டு, பாதித் தண்ணீரும் பாதிச் சேறுமாக மேலே வந்தது. கம்போடியாப் பருத்தி இடுப்பளவு வளர்ந்து காயும் பிஞ்சுமாக நின்றது.

அம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஏனுங்க, வேசகால வெயில் வாரதுக்குள்ள கெணத்த ஒரு ஆள் மட்டம் எறக்கிப்போடுங்க. பருத்தி பொழச்சா நாம பொழச்சோம். இல்லீன்னா இந்த வருசத்தோட தோட்டம் நம்முளுது இல்லீங்க.”

அப்பா தலையாட்டினார். அப்பாவுக்குத் தலையாட்டுவது கைவந்த கலை. யார் சொன்னாலும் ஆட்டுவார். ஆனால் அந்தத் தடவை சொன்னபடி செய்தார். கல்லுடைக்கிறவரை வரச்சொல்லி, அவரும் அவர் சம்சாரமும் சம்மட்டியும் உளியுமாக வந்து கிணற்றில் இறங்கிவிட்டார்கள். மூன்று நாள் வேலை நடந்தது. நான்காம் நாள் மாமா வந்தார்.

மாமாவைச் சொல்லும் முன்னால் பாறையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கும் மேட்டுக்காட்டுக்கும் நடுவில் பரந்து கிடந்த பாறை அது. மேலே ஏறி நின்றால் அவிநாசிக் கோபுரம் தெரியும் என்பார்கள், எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. மிளகாய்ப் பழம் பறித்தால் அதன் மேல்தான் காயப் போடுவார்கள். கோழியும் மயிலும் வந்து கிளறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மிளகாய் நெடியில் தும்மித் தும்மி உட்கார்ந்திருக்கிற வேலை. துணைக்கு ஆளில்லை. அதனால் முந்தின வருஷம் அங்கேயே ஓர் ஆடு புலிக் கட்டம் கொத்தினேன். கல்லுடைக்கிறவர் எப்போதோ தூக்கிப் போட்ட மொக்கை உளி ஒன்று கிடைத்திருந்தது. ஒரு கல்லைச் சுத்தியாக வைத்துக்கொண்டு, மிளகாய் காய்கிற நாளெல்லாம் டொக்கு டொக்கென்று கொத்தினேன். முக்கோணம் வந்தது, குறுக்குக் கோடுகள் வந்தன, இடது கைப் பக்கத்துக் கட்டமும் வந்தது. வலது கைப் பக்கம் பாறை வடக்கே சரிந்து போய்விட்டதால் அந்தக் கட்டத்துக்கு இடமில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆடும் நானே புலியும் நானே, யார் வந்து கேட்கப் போகிறார்கள்? வெள்ளை வெளேரென்று தெரிந்த கோடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. வண்டி அச்சுக்குப் போடுகிற மையை ஒரு கொட்டாங்கச்சியில் அள்ளிக்கொண்டு வந்து கோட்டுக்குள் தேய்த்துவிட்டேன். அதன் மேல் ஒரு வருஷத்துப் புழுதி ஒட்டிக் கறுத்துப் போனது.

இனி மாமா. அம்மாவுக்கு அண்ணன். பெருந்துறைப் பக்கம் நல்ல தோட்டக்காரர். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் தோல் உறை போட்ட பூதக்கண்ணாடி. நம் ஜில்லாவில் அங்கங்கே ஏர் முனையில் பழைய காசுப் பானை மாட்டிய கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைகள் மாமாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு தடவை எவனோ ஒருவன் புதுச் செப்புத் தகட்டில் கறுப்புப் பூசிப் பழசாக்கி அவர் தலையில் கட்டிவிட்டான். அதிலிருந்து மாமா புதையலைப் பற்றிப் பேசுவதைவிடப் போலியைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம்.

“புதையல் தேடறவன் மொதல்ல போலியக் கண்டுபுடிக்கப் பழகோணும் கண்ணு,” என்பார் என்னிடம். “வெள்ளையாத் தெரிஞ்சா புதுசு. கறுத்திருந்தாலும் நம்பிறக் கூடாது, எலுமிச்சம்பழத்தத் தேச்சுப் பாக்கோணும். கறுப்பு போச்சுன்னா, அது எவனோ பூசுனது. போகுலீன்னா காலம் பூசுனது.”

அவர் பொய் சொல்கிற மனிதரில்லை. யாரையும் ஏமாற்றியதும் இல்லை. பொய்க்காரராக இருந்திருந்தால் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள், எங்கள் தோட்டமும் மிஞ்சியிருக்கும்.

ஏதோ நோம்பிக்கு அழைக்க வந்தவர், காலாற நடக்கலாம் என்று பாறைப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் கட்டத்துக்குப் பக்கத்தில் போனதும் நின்றார். கோட்டைக் கழற்றினார். மண்டி போட்டுப் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். என்னை வீட்டுக்கு விரட்டி எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னார். தேய்த்தார், தேய்த்தார், பழம் சக்கையாகிப் போனது, கறுப்பு போகவில்லை. வண்டி மை எலுமிச்சைக்குப் போகுமா? சாம்பலும் சீயக்காயும் போட்டு ஒரு தேய் தேய்த்திருந்தால் போயிருக்கும். பாத்திரம் தேய்க்கிற எந்தப் பொம்பளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். யார் கேட்டார்கள்!

“மாப்ள, இங்க ஓடியாங்க!” என்று மாமா போட்ட சத்தத்தில் அப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

அப்பா பார்த்ததும் சொல்லிவிட்டார். “ஆடு புலிக் கட்டமாட்ட இருக்குதுங்க மச்சான்.”

“அதானுங்க சூட்சுமம். பாக்கறவன் ஆடு புலின்னு நெனச்சுட்டுப் போயரோணும்னுதான் இப்புடிக் கொத்தி வெச்சிருக்கறாங்க. எடதுபக்கம் கட்டம் இருக்குது, வலதுபக்கம் இல்ல பாருங்க. ஏன் இல்ல? அந்தப் பக்கந்தானுங்க பொருளு இருக்குது.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “மாமா, அது நாங் கொத்துனதுங்க,” என்றேன்.

மாமா மெதுவாகத் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ என் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். “எப்பக் கண்ணு கொத்துன?”

“போன வருசம், மொளகா காயப் போட்டப்பங்க.”

“யாரு கொத்தச் சொன்னாங்க?”

“ஆருஞ் சொல்லுலீங்க. அதாக் கொத்தோணும்னு தோணுச்சுங்க.”

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மாமாவின் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. “கேட்டீங்களா மாப்ள? அதாத் தோணுச்சாம்! பச்சக் கொழந்தை கையில உளியக் குடுத்துக் கொத்த வெச்சிருக்குதுங்க சாமி. நம்மள மாதிரி ஆளுக கண்ணுக்குத் தெரியோணும்னு.”

“இல்லீங் மாமா! வெள்ளையாத் தெரிஞ்சுதுன்னு நாந்தானுங்க மை போட்டேன்!”

“மையா?” மாமா அப்பாவைப் பார்த்தார். “மை போட்டுப் பாத்திருக்குதுங்க கொழந்தை!”

வண்டி மை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. மை போட்டுக் களவும் புதையலும் கண்டுபிடிக்கிற மந்திரக்காரர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்த காலம். மை என்றால் அவர்களுக்கு அந்த மைதான். மறுநாள் காலையில் எனக்குத் தலை குளிக்கவைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, என் கட்டத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல என் மரியாதை ஏறிக்கொண்டே போனது. இப்போது நினைத்தாலும் எதையாவது எடுத்து வீச வேண்டும் போலிருக்கிறது.

வலதுபக்கத்தைத் தோண்ட வேண்டுமென்றால் பாறையின் வடக்குச் சரிவு. அங்கே கிளுவை முள்ளும் கள்ளியும் அடர்ந்து கிடந்தன. அப்பா முள்ளை வெட்டித் தள்ளியபோதுதான் சரிவின் அடியில் எழுத்து தெரிந்தது. மூன்று வரி. முக்கால்வாசி கோழி கிளறிய மாதிரி. நடுவில் சில எழுத்துகள் மட்டும் நம் எழுத்தின் சாயலில் இருந்தன. மேலெல்லாம் கறுப்புப் பாசி. மாமா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்ததும் பாசி உரிந்து, உள்ளே கல்லின் வெளுப்பு தெரிந்தது. “அட, பூச்சு!” என்றார் மாமா. அப்போதே அவருக்கு அதன் மேல் பாதி நம்பிக்கை போய்விட்டது.

மீதிப் பாதியை நான் போக்கினேன்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. சொல்வதெழுதுதலில் முதல் ஆள். சும்மா வந்த பேரில்லை அது. சின்ன ‘ர’ போட வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ போட்டால் எங்கள் வாத்தியார் கையைத் திருப்பச் சொல்லிப் புறங்கை முட்டியில் அடிப்பார். அடி வாங்கி வாங்கி, எங்கே பிழை இருந்தாலும் என் கண் தானாகப் போய் நிற்கும். மாமா, “எங்க, படி கண்ணு, உனக்குத்தான் சாமி காட்டும்,” என்றதும் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். ‘பாறை’ என்று ஓர் இடத்தில் வந்தது. அப்புறம் ‘வட’. அப்புறம் வரிசையாக ஏழு எழுத்து, பளிச்சென்று: ‘துரவு இழிச்ச’.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாமா, இதுல ரெண்டு பிழை இருக்குதுங்க. துறவுக்குப் பெரிய ‘ற’ வரோணும். இளிச்சதுக்கு இந்த ‘ழ’ வராதுங்க.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “வடக்க இருந்து வந்த துறவி எவனோ இளிச்சானாமா மாப்ள! எழுத்துக் கூட்டத் தெரியாத எவனோ நம்மளக் கிண்டல் பண்றதுக்குக் கொத்தியிருக்கறான். அந்தக் காலத்து ஆளுக இப்புடிப் பிழை உடுவாங்களா?”

என் தலையைத் தடவிக்கொடுத்துப் பூதக்கண்ணாடியை அன்றைக்கு முழுவதும் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதை யாரிடமும் கொடுக்காதவர். நான் அதை வைத்து எறும்பு பார்த்தேன், என் கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். அந்த ஏழு எழுத்தையும் நோட்டில் எழுதி, மேலே ‘பிழைகள்’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இழுத்தேன். அவ்வளவு கர்வம்!

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடமும் கேட்டேன். “சார், துறவுக்கு எந்த ‘ற’ங்க?”

“பெரிய ‘ற’. எத்தன மாசமாச் சொல்லிக் குடுக்கறேன்? கையத் திருப்பு.”

கேட்டதற்கே ஓர் அடி. எங்கே பார்த்தாய், என்ன வாக்கியம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் கேட்கவில்லை. எனக்கும் வலித்தாலும் சந்தோஷம், நான் சொன்னது சரியாகிவிட்டது.

கிணற்றிலிருந்த கல்லுடைக்கிறவரைப் பாறைக்கு இழுத்து வந்தார்கள். எழுத்திருந்த சரிவைப் பிளந்து எடுத்தால்தான் அடியில் தோண்ட முடியும். அவர் குந்தி உட்கார்ந்து எழுத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஓட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பண்ணாடி, இது பழைய உளிங்க,” என்றார் அப்பாவிடம். “கொத்துன குழியெல்லாம் அடி உருண்டு கெடக்குது. மழை ஓடி ஓடி வெளிம்பு மழுங்கிப் போச்சுங்க. இத ஒடைக்கோணுங்களா?”

“மேல இருக்கற கட்டத்தப் பாத்தியா?” என்றார் மாமா. தன்னைவிட மூத்தவரை ‘நீ’ என்பார். அந்த ஆளும் அதைச் சும்மா கேட்டுக்கொள்வார். அப்படித்தான் இருந்தோம், சொல்லவே கூசுகிறது.

“பாத்தனுங்க. அது நாந் தூக்கிப் போட்ட மொக்கை உளிங்க. மொனையில ஒரு பக்கம் சில்லுப் போன உளி. ஒவ்வொரு கொத்துலயும் அந்தச் சில்லு உழுந்திருக்குது பாருங்க.” என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தப் பாறையில் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“பிழையிருக்குதுன்னு படிச்ச கொழந்தை சொல்லுது. நீ உளியப் பாத்துச் சொல்றயா?”

“எழுத்து எனக்குத் தெரியாதுங்க. உளி தெரியுமுங்க.”

அப்பாவைப் பார்த்து இன்னொரு தடவை கேட்டார், “ஒடைக்கட்டுங்களா பண்ணாடி?” அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தலையாட்டினார். அப்பாவும் ஆட்டினார். எழுத்து நடுவில் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அது நாலு துண்டு.

அம்மா கஞ்சிக் கலயத்தோடு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். “ஏனுங்கண்ணா, கெணத்துல வேல செய்யற ஆள இங்க இழுத்துட்டு வந்துட்டீங்களே, இது உங்குளுக்கே நாயமாப் படுதுங்களா? பருத்தி அக்கட்ட வாடுதுங்க.”

“பத்து நாள் அம்மணி. பத்தே நாள் பொறுத்துக்க. அப்பறம் கெணறு என்ன, உனக்கு வாய்க்காலே வெட்டித் தாரேன்.”

“எனக்கு வாய்க்கா வேண்டாமுங்க. ஒரு ஆள் மட்டம் கெணறு போதுமுங்க,” என்றாள் அம்மா. அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவள், கலயத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளே கிணற்றில் இறங்கினாள். நான் மேலே நின்று கூடை கட்டிய கயிற்றை இழுத்தேன். மூன்று நாள் சேறு வந்தது. அப்புறம் கடப்பாரை பாறையில் பட்டுக் கணீர் கணீர் என்றது. அம்மா மேலே ஏறி வந்து, கையிலிருந்த கொப்புளத்தை ஊதிக்கொண்டு அடுப்புப் பற்றவைக்கப் போனாள்.

பத்து நாள் முப்பது நாளாயிற்று. புதையல் என்றால் அமாவாசை, ராத்திரி என்பீர்கள். மாமா பட்டப்பகலில்தான் தோண்டினார், மறைக்க அவருக்கு ஒன்றும் இல்லை. பானை ஓடு கிடைத்தது, பக்கத்தில் வந்துவிட்டோம் என்றார். கரித்துண்டு கிடைத்தது, பூசை நடந்த இடம் என்றார். ஆட்டுக்கொம்பு ஒன்று கிடைத்தபோது, ‘ஆடு புலி’ என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தோண்டிய மண்ணையெல்லாம் வடக்கே இருபதடி தள்ளியிருந்த பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நல்ல அகலமான பள்ளம் அது. எந்த வெயிலிலும் அதில் எருக்கும் ஆவாரையும் வாடாமல் நிற்கும். மத்தியானமானால் ஆடுகள் வேறெங்கும் போகாமல் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஏன் அங்கே மட்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? தோட்டக்காரர்கள்! மண்ணை மோந்து பார்த்தே மழை சொல்கிறவர்கள்! ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடை கூடையாகக் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கினோம். நானும்தான் கொட்டினேன்.

முப்பதாம் நாளுக்குமேல் குழி முழுவதும் ஒரே பாறையாகிவிட்டது. மாமா குழிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். “நமக்கு முந்தி எவனோ எடுத்துட்டானுங்க மாப்ள,” என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். கல்லுடைக்கிறவருக்கு அதற்குள் வேறு ஊரில் வேலை வந்துவிட்டது. சித்திரை பாதியில் கிணறு முழுக்கக் காய்ந்தது. பருத்திக் காய்கள் வெடிக்காமலே கறுத்து உதிர்ந்தன. அம்மா தினமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செடிக்காகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். எத்தனை செடிக்கு ஊற்றுவது? ஒரு நாள் குடத்தை நடுப் பாத்தியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அம்மா சொன்னபடியேதான் நடந்தது. அந்த வருஷத்தோடு தோட்டம் எங்களுடையதாக இல்லை.

ஆடி கழிந்து அவிநாசியில் பத்திரம் எழுதினோம். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பாவுக்குத் துணையாக நான் போனேன். சாட்சிக் கையெழுத்துப் போட மாமா வந்திருந்தார், அதே கறுப்புக் கோட்டு. பத்திரம் எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியும் இழுத்துக் கட்டிய குடுமியுமாக, எழுதினதை ஒரே மூச்சில் படித்துக் காட்டினார். “மேற்படி நான்கெல்லைக்கு உட்பட்ட நிலமும், அதிலுள்ள நிதி நிட்சேபமும், கல்லும் மரமும், கிணறு துரவும்...”

“நிறுத்துங்க,” என்றார் மாமா. “நிதின்னா பொதையல்தானுங்களே? அத எப்புடிங்க எழுதிக் குடுக்கறது? அத எடுத்துப்போடுங்க.”

“அது எல்லாப் பத்திரத்துலயும் வார வாசகமுங்க.”

“இருக்கட்டுமுங்க. நெலத்தத்தான் விக்கறோம். பொதையல விக்கலீங்க.”

இரண்டு பேரும் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். எனக்கு வேறொரு சொல் காதில் விழுந்து அங்கேயே நின்றது. மாமா அவரை விட்டு நிலம் வாங்குகிறவர் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து, பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டேன். “ஏனுங்க, துரவுன்னா என்னங்க?”

“துரவா? பெரிய கெணறு அம்மணி. கவலை கட்டி எறைக்கற அளவு பெருசு. தோட்டந்துரவுன்னு பேசறமல்ல, அந்தத் துரவுதான்.”

“அதுக்குச் சின்ன ‘ர’ங்களா?”

“சின்ன ‘ர’தான். பெரிய ‘ற’ போட்டா சாமியாராப் போயிரும்,” என்று சிரித்தார்.

“இழிச்சதுன்னா?”

“ஓ, பழைய பத்திரமெல்லாம் படிச்சிருக்கற போலிருக்குதே! இழிச்சதுன்னா எறக்குனது. கெணறு எறக்கறோம்னு சொல்றோமே, அதுதான்.”

பாறைக்கு வடக்கே கிணறு இறக்கியது. அவ்வளவுதான் அந்தக் கல்லில் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கிணறு வெட்டிவிட்டு, வெட்டின இடத்தையும் கொத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருக்கிறான். தூர்ந்து பள்ளமாகிக் கிடந்த அந்தக் கிணற்றில்தான் முப்பது நாள் மண் கொட்டினோம்.

மாமா இன்னும் நிதியை அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் இதைக் கேட்கவில்லை. அப்பா கேட்டுவிட்டார். நான் பாறையில் உட்கார்ந்து உரக்கக் கூட்டிப் படித்ததும் பிழை சொன்னதும் அவருக்கு மறக்கவா செய்யும்? என் முகத்தையே பார்த்தார். அடிக்கட்டும், அங்கேயே எல்லார் முன்னாலும் அடிக்கட்டும் என்றிருந்தது எனக்கு. அவர் அடிக்கவில்லை. பேனாவை வாங்கி, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஓர் இடத்தில் மட்டும் கை நின்று, பிறகு ஓடியது.

திரும்பி நடக்கும்போது ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று, “அம்மாகிட்டச் சொல்லீறாத கண்ணு,” என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

கோயமுத்தூரில் ஒரு மில்லில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. லைன் வீட்டுக்குக் குடி வந்த சாமான்களில் என் நோட்டு இல்லை, எந்த மூட்டையில் போனதோ. கல்யாணமான பிறகு ஒரு கல்லூரிக்காரரிடம் அந்த எழுத்தைப் பற்றிச் சொன்னேன். “கல் எங்கே?” என்றார். எங்கள் தோட்டத்தை வாங்கினவர் வீட்டில் துணி துவைக்கிற கல்லாக ஒரு துண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதில் எழுத்திருந்த பக்கம் அடியில் போய்விட்டது. “ஆதாரம் இல்லாமல் எப்படிம்மா நம்புவது?” என்றார் அவர். உண்மையைச் சொன்னால் நம்பாத ஆட்களைச் சந்திப்பது எனக்கு அது முதல் தடவையில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

லைன் வீட்டுக்கு வந்த முதல் வேசகாலத்தில் ஒரு நாள், சிறுவாணிக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் நூலாக இறங்கியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே, “உங்கய்யன் மேலயும் தப்பில்ல, மாமன் மேலயும் தப்பில்ல கண்ணு,” என்றாள். “அந்தப் பூமியில தண்ணியே இல்ல. நானுந்தான் எறங்கித் தோண்டிப் பாத்தேனே, பாறைதான் இருந்துச்சு. தண்ணி இருந்திருந்தா உட்டுப்போட்டு வந்திருப்பமா? நீயே சொல்லு.”

“ஆமாங்கம்மா,” என்றேன்.

அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குடம் நிறைந்ததும் நான் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன்.